பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு கோடரிக்கல்

சேலத்திலிருந்து புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேரும் பஸ், பிரயாணிகளை ஏற்காட்டு ஒண்டிக்கடையில் இறக்கி விடுகிறது. பெயரைக் கேட்டால், ஒரு காலத்தில் இங்கே ஒரே ஒரு கடைதான் ஒண்டியாக நின்றிருக்க வேண்டும் என்று தோன்றும். இப்பொழுதோ கடைகளுக்கு நடுவே நாம் ஒண்டிக்கொள்ள இடம் தேட வேண்டியிருக்கிறது.

இங்கே வந்து இறங்குகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், படகு ஏறுகிறார்கள், மலை விளிம்பில் நின்று கீழே சேலம் பட்டணத்தின் விளக்குகளை எண்ணுகிறார்கள், மிளகும் காபிக் கொட்டையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஊரின் சரித்திரம் என்ன என்று கேட்டால், எவரும் தயக்கமின்றிச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-க்குப் பிந்திய வருஷங்களில் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார் என்பதே அது. உண்மைதான். ஆனால் இந்தப் பதிலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் செடி ஊன்றிய நாளில்தான் இந்த மலைக்குச் சரித்திரமே பிறந்தது போலும்! அதற்கு முன்னால்? "வெறும் காடு" என்பார்கள்.

வெறும் காடு அல்ல. காட்டில் மனிதர் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். மலையாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். நேயர்கள் இந்தப் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். இவர்களுக்கும் மேற்குக் கடற்கரையிலுள்ள மலையாள தேசத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மலையில் வாழும் ஆட்கள் என்பதே சொல்லின் பொருள். பேசுவது தமிழ், தரித்துக்கொள்வது கவுண்டர் என்னும் பட்டம். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை, ஜவ்வாது மலை ஆகிய எல்லா மலைகளிலும் பரவியிருக்கும் இவர்கள், 2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் தொகையால் முதலிடம் இவர்களுக்கே.

இவர்கள் ஏட்டில் எழுதிவைத்த சரித்திரம் இல்லை. ஆகவே சரித்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டவர்கள் பலர். அந்த முடிவைத்தான் நாம் சற்றுப் பரிசீலனை செய்ய விரும்புகிறோம். அதற்குப் பெரிய நூலகம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கூழாங்கல்லை விடச் சிறிது பெரிய கல் ஒன்று போதும்.

* * *

சேர்வராயன் மலையிலும், சேலம் தர்மபுரிச் சீமையிலுள்ள மற்ற மலைகளிலும், மரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்திலே விசித்திரமான கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்ததை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே அந்நிய ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கற்கள் சில. கையின் நீளம் வருபவை சில. ஒரு முனை கூம்பியிருக்கும். மறு முனை அகன்று, தீட்டிய உளிபோல் விளிம்பு கட்டியிருக்கும். தொட்டுப் பார்த்தால் வழவழவென்று விரல் வழுக்கும். மலையாளிகள் இவற்றை எண்ணெய் இட்டுப் பூஜித்து வந்தார்கள்.

கல் எங்கிருந்து வந்தது? நிலத்தைக் கொத்தும்போது கிடைத்தது. பெருமழைக்குப் பின் சரிவிலே தலை காட்டியது. இயற்கையாக உண்டான கல் இப்படி வழவழப்பாக இராது. மனிதன் செய்தான் என்றால், இப்படிக் கல்லைச் செய்கிறவன் ஊரில் ஒருவனும் இல்லை. பாட்டன் காலத்திலும் இல்லை. இயற்கையும் செய்யவில்லை, மனிதனும் செய்யவில்லை என்றால் பின் யார் செய்திருக்க வேண்டும்? தெய்வந்தான். இந்தத் தர்க்கத்தில் பிழை காண்பது எளிதன்று. ஐரோப்பாவிலுள்ள குடியானவர்களும் இதே மாதிரிக் கற்களை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பி, வீட்டில் இடி விழாமலிருக்கக் கூரையில் செருகி வைத்தார்கள். நம் மலையாளிகள் கூரையில் செருகவில்லை, கோவிலில் வைத்தார்கள். இந்த வித்தியாசத்தை நாம் குறித்துக்கொள்வது நல்லது.

உண்மையில் அவை கோடரிகள். இரும்பைக் காணாத காலத்து மனிதன் கருங்கல்லைப் பெயர்த்து, சில்லுச் சில்லாகத் தட்டி உருவாக்கி, கரடுகளைக் கொத்தித் தேய்த்து, கடைசியில் நீரும் மணலும் விட்டுப் பாறையின்மேல் நாள் கணக்காகத் தீட்டி மெருகேற்றிய கோடரிகள். இவற்றை மரப்பிடியில் பொருத்திக் காட்டை வெட்டினான். வெட்டிய இடத்தில் விதைத்தான். இப்படித் தீட்டித் தீட்டி உண்டான நீண்ட பள்ளங்களைக் கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள மயிலாடும்பாறையின் குன்றின்மேல் இன்றும் காணலாம். அம்மிக்கல் தேய்ந்த பள்ளத்தைப் பார்த்தே ஒரு வீட்டின் பழமையைச் சொல்லும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கற்களின் மதிப்பை அறிந்து முறையாகத் திரட்டியவர்களில் தலைசிறந்தவர் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், ஆதி மனிதன் செய்த கல்லாயுதம் ஒன்றைப் பொறுக்கி எடுத்தவர் இவரே. பாரத தேசத்து மனிதனின் பழமையைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கண்டெடுத்த அத்திரம்பாக்கம், பதினைந்து லக்ஷம் வருஷத்துப் பழமை உடையது என்று 2011-ல் சாந்தி பப்பு முதலிய நம்மவர்கள் நிரூபித்தார்கள்.

பூட் துரைக்கும் தமிழுக்கும் உறவு உண்டு. அதுவும் மாமனார் உறவு! அவருடைய மனைவி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் குமாரத்தி. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தாரே, அதே பெர்சிவல்தான். தமிழ்ப் பழமொழிகளையும் திரட்டி வெளியிட்ட அவர், 1882-ல் ஏற்காட்டிலேயே காலமானார். மருமகரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டையே இருப்பிடமாக்கிக் கொண்டார். மாமனார் பழமொழிகளைப் பொறுக்கினார். மருமகர் கற்களைப் பொறுக்கினார். இரண்டுமே பேர் தெரியாத மனிதர்கள் தீட்டி மெருகேற்றிய சாமான்கள் அல்லவா? பூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி, ஏற்காட்டில் உள்ள ஹோலி டிரினிடி மாதா கோவில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. படகு ஏற வரும் ஆயிரக் கணக்கானவர்களில் ஒருவராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்களா என்பது சந்தேகமே.

அவர் திரட்டிய கற்களும் மட்பாண்டங்களும் 1904-ல் சென்னைக் காட்சிசாலைக்குச் சேர்ந்தன. சேர்வராயன் மலைக் கோடரிகளும் அவற்றில் உண்டு. அவற்றின் ஜாபிதா 1914-லும், காலத்தையும் கிடைத்த இடங்களையும் பற்றிய குறிப்புகள் 1916-லும், அதாவது அவர் மறைந்த பிறகு, அச்சாயின.

* * *

இங்கே ஒரு சங்கடம் குறுக்கிடுகிறது. கோவிலிலிருந்து எடுத்த கல்லுக்கு வயது சொல்ல முடியாது. கல்லைக் கொளுத்தினால் கரியாவதில்லை. கரியில்லாத பொருளுக்குக் கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறையும் பயன்படுவதில்லை. மண்ணில் எந்த அடுக்கில், எந்தப் பானைக்கு அருகில், எந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் காலம் தெரியும். பக்தியோடு எடுத்துக் கோவிலில் வைத்தவரும் சரி, ஆராய்ச்சியோடு எடுத்துப் பெட்டியில் வைத்தவரும் சரி, அந்த அடுக்கைக் கலைத்துவிட்டவர்களே.

விடை மலையில் கிடைக்கவில்லை, மலையடிவாரத்தில் கிடைத்தது. திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளி என்ற கிராமத்தில் 1964-லிருந்து சில வருஷங்கள் மத்திய ஸர்க்கார் புதைபொருள் இலாகாவினர் தோண்டினார்கள். இதே ஜாதிக் கோடரிகள், நிலத்தில் குழி தோண்டி அதன்மேல் கூரை வேய்ந்த வீடுகளோடும், கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகளோடும், கருகிப்போன கொள்ளு, பச்சைப் பயறு மணிகளோடும் அங்கே கிடைத்தன. மேல் அடுக்கில் இரும்பும் கறுப்புச் சிவப்புப் பானைகளும் இருந்தன. கருகிய தானியமும் கரியும் வயதைச் சொல்லின. வயது மூவாயிரம் வருஷங்களைத் தாண்டியது. பின்னர் மயிலாடும்பாறையில் 2021-ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் நடத்திய ஆராய்ச்சியில், கற்கோடரிக் காலம் கி.மு. 2200-க்கும் முந்தியது என்றும், இரும்பு கி.மு. 2172-ஐ ஒட்டிய காலத்திலேயே வந்துவிட்டது என்றும் தெரிய வந்தது. மேட்டூருக்கு அருகே மாங்காட்டில், கற்பலகைகளாலான ஈமக் குழியில் கிடைத்த இரும்பு வாளும் கி.மு. 1500-ஐ ஒட்டியது. இப்படிச் சமவெளியில் தோண்டிய குழிகள், மலைமேல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தன. நாலாயிரம் வருஷங்களுக்கு முன்னே இந்தச் சீமையின் மலைச் சரிவில் கொள்ளு விதைத்தவன் ஒருவன் இருந்தான் என்று நாம் இப்பொழுது தைரியமாகச் சொல்லலாம். காக்பர்ன் துரையின் காபிச் செடி அவனுக்கு வெகு பின்னால் வந்த பயிர்!

இந்த விஷயத்தில் நமக்கு உறவினர்களைப் பூமிப் பந்தின் மறு பக்கத்தில் காணலாம். மெக்ஸிகோ தேசத்துத் தலைநகரில், 1978-ம் வருஷம் பிப்ரவரி மாதம், மின்சாரக் கம்பிக்காகத் தெருவைத் தோண்டிய தொழிலாளிகளின் கடப்பாரை ஒரு மாபெரும் சிற்ப வட்டக்கல்லின்மேல் மோதியது. ஸ்பானியர் 1521-ல் இடித்து மண்ணோடு மண்ணாக்கிய அஸ்டெக் ஜனங்களின் பெருங்கோவில் அதன் கீழே இருந்தது. எத்வார்தோ மாத்தோஸ் மொக்தெஸுமா என்னும் அறிஞர் தலைமையில் அதைத் தோண்டியபோது, கோவிலின் அடியில் காணிக்கைப் பெட்டிகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் இருந்தது ஒரு சிறிய பச்சைக்கல் முகமூடி. அது அஸ்டெக்குகள் செய்ததன்று; அவர்களுக்கு இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே மறைந்துபோன ஓல்மெக் ஜனங்களின் கைவேலை! பாழடைந்து கிடந்த தியோதிவாக்கான் நகரத்தைத் தோண்டி எடுத்த பழம் பொருள்களும் அங்கே இருந்தன. யாரோ முன்னோர் செய்த கல் என்று மதித்து, அதைத் தங்கள் தெய்வத்தின் காலடியில் அவர்கள் வைத்தார்கள்.

சேர்வராயன் மலைக் குடியானவர் கோடரிக்கல்லைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்ததும் இதே காரியந்தான். இதை அறியாமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பழையதைக் கண்டதும் அது பழையது என்று உணர்ந்து, உடைத்துப் போடாமல், ஊராருக்குப் பொதுவான இடத்தில் காத்து வைத்தார்கள் அல்லவா? காட்சிசாலைகள் செய்வதும் அதுதானே? எண்ணெய் மட்டும் இடுவதில்லை.

* * *

இனிக் கல்லை விட்டுக் காகிதத்துக்கு வருவோம்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கும்பெனியார் கைக்கு மாறியது. ரீட் துரையும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடிகளை எண்ணி, தஸ்தாவேஜுகளைக் குவித்தார்கள். பிறகு லெபானு துரை 1883-ல் சேலம் ஜில்லா மான்யுவலை வெளியிட்டார். தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பெரிய புத்தகங்களை வெளியிட்டார். ரிச்சர்ட்ஸ் 1918-ல் ஜில்லா கெஜட்டீரை எழுதினார். வரி வசூலிக்க வேண்டுமானால் குடியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இவ்வளவு சிரத்தைக்கும் மூலகாரணம். தர்ஸ்டனோ ஒரு படி மேலே போய், கையில் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஜனங்களின் மூக்குகளையெல்லாம் அளந்தவர். மூக்கின் நீள அகலத்தில் ஒரு குலத்தின் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது அந்தக் காலத்து விஞ்ஞானம்! அதை இன்று எந்த விஞ்ஞானியும் ஒப்புவதில்லை.

இருந்தாலும் நாம் இவர்களுக்கு ஒரு விதத்தில் கடமைப்பட்டிருக்கிறோம். மூக்கை அளந்த கையோடு, மலையாளிப் பெரியவர்கள் சொன்ன கதையையும் எழுதி வைத்தார்களே! கதை இது. மலையாளிகள் காஞ்சீபுரத்தில் பயிர்த்தொழில் செய்த வேளாளர்கள். அங்கே எழுந்தருளியிருந்த கரிராமன் என்னும் தெய்வத்துக்கு அந்த ஊர் பிடிக்காமல் போய்விட்டது, தெய்வம் புறப்பட்டது, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் குடும்ப சகிதம் அதைப் பின்தொடர்ந்தார்கள். சேலத்துச் சீமைக்கு வந்ததும் வழி பிரிந்தது. பெரியண்ணன் சேர்வராயன் மலை ஏறினான். மற்ற இருவரும் மற்ற மலைகளுக்குப் போனார்கள். எந்தத் தம்பி எந்த மலைக்குப் போனான் என்பதில் கதைக்குக் கதை பேதம் உண்டு. முகம்மதியர் ஆட்சி ஓங்கிய காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன் இது நடந்தது என்று அந்தப் புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது.

பத்துத் தலைமுறை என்றால் முந்நூறு வருஷத்தைத் தாண்டாது. கோடரிக்கல்லுக்கோ வயது நாலாயிரம். இரண்டுக்கும் நடுவே இருந்தவர்கள் யார்? இங்கேதான் கல்லும் காகிதமும் ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

கதையையே கூர்ந்து கேட்டால் அதில் ஒரு தடயம் இருக்கிறது. சகோதரர்களில் ஒருவன் வேடர் குலத்துப் பெண்ணை மணந்துகொண்டான் என்று ஒரு வடிவம் சொல்லுகிறது. ஆகவே வந்தவர்கள் வெறும் காட்டுக்கு வரவில்லை. ஏற்கனவே குடிகள் இருந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். இந்த மலைகளில் ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்று பிரித்து, பட்டக்காரர் என்ற தலைவரை வைத்து நிர்வாகம் செய்யும் வழக்கமும் கவனிக்கத் தக்கது. நாடு என்ற பிரிவு சோழர் கல்வெட்டுக்களில் எங்கும் காணும் பிரிவு. சமவெளியில் அது எப்பொழுதோ அழிந்து தாலூகாவாகிவிட்டது. மலைமேல் தங்கி நின்றது. சேர்வராயன் சிகரத்துக் குகையில் மலையின் பேருக்குரிய தெய்வத்தோடு காவேரியம்மனும் இருக்கிறாள். காவேரி நதியின் மூலத்துக்கும் அந்தக் குகைக்கும் வழி உண்டு என்று நம்புகிறவர்கள், காஞ்சீபுரத்தைத் தவிர வேறொரு திசையிலும் தங்கள் வேரைக் காண்கிறார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

அப்படியானால் காஞ்சீபுரத்துக் கதை பொய்யா? அவசரப்பட வேண்டாம். அஸ்டெக்குகளும் இதைப் போலவே ஒரு கதை சொன்னார்கள். வடக்கே அஸ்த்லான் என்னும் ஊரிலிருந்து அவர்களுடைய தெய்வம் புறப்படச் சொல்லியதாம். நான்கு பேர் தெய்வத்தைச் சுமந்துகொண்டு முன்னே நடக்க, ஜனங்கள் பின்னே நடந்தார்களாம். கள்ளிச் செடியின்மேல் கழுகு அமர்ந்த இடத்தைக் கண்டு நின்றார்களாம். வந்த இடத்தில் பழங்குடி ராஜவம்சத்தில் பெண் எடுத்தார்களாம். அஸ்த்லான் எங்கே இருந்தது என்பதை எவரும் சந்தேகமறக் காட்டியதில்லை. ஆனால் அவர்கள் பேசிய நவாத்ல் பாஷையின் சுற்றத்தார் வடக்கேதான் இருக்கிறார்கள். ஆகவே யாத்திரை முழுப் பொய்யுமல்ல. 'நாங்கள் தெய்வத்தின் ஆணையால் வந்தவர்கள். ஆகையால் இந்த மண்ணில் எங்களுக்குப் பாத்தியம் உண்டு' என்று அக்கம் பக்கத்தாருக்குச் சொல்லும் வாதமும் அதில் கலந்திருக்கிறது. காஞ்சீபுரத்துக் கதையையும் நாம் அப்படியே படிக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் வந்திருக்கலாம். வந்தவர்கள் இருந்தவர்களோடு கலந்திருக்கலாம். 'எங்களைக் காட்டு மனிதர் என்று எண்ணாதே, நாங்களும் காஞ்சியிலிருந்து வந்த உழவர்களே' என்று சமவெளிக்காரர்களுக்குக் கூறும் பதிலும் அதில் அடங்கியிருக்கலாம். மூன்றும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

காகிதத்தை நம்பாமல் கல்லையே நம்பலாமே என்று தோன்றலாம். மெக்ஸிகோவில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்பானியப் போர்வீரர் ஆந்திரேஸ் தெ தாப்பியா என்பவர், அஸ்டெக் கோவிலின் அருகே பலியிட்டவர்களின் மண்டையோடுகளை அடுக்கிய மேடையைக் கண்டதாகவும், அவை 1,36,000 என்றும் எழுதினார். தோற்றவர்களை இழிவு செய்வதற்காக ஜெயித்தவர்கள் இட்டுக் கட்டிய கதை என்று பலர் அதைத் தள்ளினார்கள். 2015-ல் அந்த மேடையும், பக்கத்திலே வட்டமாக அடுக்கிய மண்டையோட்டுக் கோபுரமும் மண்ணுக்கடியில் அகப்பட்டன. அகப்பட்டவை அறுநூறு சொச்சம். ஆகவே மேடை மெய், தொகையை நம்புவதற்கில்லை. அதோடு, போர்வீரர்களுடையவை மட்டும் என்று எண்ணிய இடத்தில் ஸ்திரீகளுடையவையும் குழந்தைகளுடையவையும் இருந்தன. இதை எந்த ஏடும் சொல்லவில்லை.

நமக்கு இதைவிட மனத்துக்கு இனிய உதாரணம் மிக அருகில் இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு வடக்கே தகடூர்ச் சீமை, அதாவது இன்றைய தர்மபுரி. அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு. அவனைப் புலவர்கள் பாடினார்கள். புலவர் பாடியது கற்பனை என்று சரித்திரக்காரர் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மற்றொரு பக்கம், அசோகச் சக்கரவர்த்தியின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் இவர்களோடு 'ஸத்தியபுத்திரர்' என்று ஒரு பெயர் இருந்தது. அவர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். 1981-ல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற கிராமத்துக் குகையில் பழைய தமிழ் எழுத்தில் ஒரு சாசனம் கண்டுபிடிக்கப்பட்டது. ஸத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி அந்தக் குகையைத் தானம் செய்தான் என்பதே அதன் கருத்து. ஒரே வரி! புலவர் பாட்டும் மகதத்துச் சக்கரவர்த்தியின் கல்லும் அந்த ஒரே வரியில் கைகோத்துக்கொண்டன.

* * *

இவ்வளவும் படித்தவர்களின் பொழுதுபோக்கு, இதனால் மலையில் வாழ்கிறவருக்கு ஆவதென்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆவது நிறைய உண்டு.

ஸ்பானியர் காலத்து மெக்ஸிகோவில், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில், கிராமத்து ஜனங்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ள நியாயஸ்தலத்துக்குப் போக வேண்டி வந்தது. பத்திரம் எங்கே என்று நீதிபதி கேட்டார். பத்திரம் இல்லை, கிழவர்களின் வாய்மொழிதான் இருந்தது. ஆகவே தங்கள் ஊர் பிறந்த கதையையும், எல்லைக் கல் நட்ட கதையையும் தங்கள் பாஷையில் எழுதி, சித்திரம் தீட்டிக் கொண்டுபோய் நீட்டினார்கள். சில ஏடுகள் உண்மையிலிருந்ததைவிடப் பழையவைபோல் தோன்றும்படி செய்யப்பட்டிருந்தன. வெகு காலம் அறிஞர்கள் இவற்றைப் போலிப் பத்திரங்கள் என்று ஒதுக்கினார்கள். பிற்காலத்தில்தான் ஒவ்வோர் ஊரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட சரித்திரம் என்று உணர்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

நம் மலைகளில் இப்படி ஏடு எழுதிக் கொடுப்பாரில்லை. காபித் தோட்டங்கள் சரிவுகளை வளைத்துக்கொண்டன. காடு ஸர்க்கார் காடாயிற்று. மலைக்கு உடையவர்கள் என்று பெயர் கொண்டவர்களில் பலர் தோட்டங்களில் கூலி ஆட்களானார்கள். சுதந்திரம் வந்தபின் பழங்குடிகளுக்குச் சலுகை அளிக்க அட்டவணை தயாராயிற்று. அதில் மலையாளிகளின் பெயரோடு ஜில்லாக்களின் பெயரும் சேர்ந்தது: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கோயமுத்தூர் என்ற பெயர் அதில் இல்லை. பின்னர் கோயமுத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு ஜில்லாவில், பர்கூர் மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிகள் ஆகையால் அட்டவணைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அதே பெயர், அதே பாஷை, அதே தெய்வங்கள். ஜில்லா மட்டும் வேறு. தாங்களும் அந்த ஜனங்களே என்று அவர்கள் பல்லாண்டு காலம் மனுமேல் மனுவாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். சகோதரர்கள் வழி பிரிந்தபோது, பிற்காலத்தில் ஜில்லா எல்லை எங்கே போடுவார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகையால் கோடரிக்கல் எந்த மலையில், எந்த ஊரில், எந்தச் சரிவில் கிடைத்தது என்ற சிறு குறிப்பும் நாளைக்கு ஒரு சாட்சியாகும். மலைகளில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய ஈமச் சின்னங்கள் உண்டு. அவற்றைப் பாண்டவர் வீடு என்றும், வாலியர் வீடு என்றும், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்றும் மலைக்கு மலை வெவ்வேறு பெயரால் வழங்குவார்கள். சேலம் ஜில்லாவிலிருந்த இத்தகைய சமாதி மேடுகளைப் பற்றி மாரிஸ் பிலிப்ஸ் பாதிரியார் 1873-லேயே 'இந்தியன் ஆண்டிக்வரி' பத்திரிகையில் எழுதினார். பலகைக்கல் பாலத்துக்கு ஆகும். வீட்டுப் படிக்கும் ஆகும். ஒரு முறை பெயர்த்துவிட்டால், உள்ளே இருந்த பானையும் எலும்பும் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் பிரம்மதேவனாலும் திருப்பிச் சொல்ல முடியாது. விடுதி கட்டவும் சாலை போடவும் மண்ணைப் புரட்டும் யந்திரங்கள் மலையேறி வந்திருக்கும் இக்காலத்தில் அவசரம் நேயர்களுக்கே தெரியும்.

கற்களையெல்லாம் திரட்டிக் காட்சிசாலைக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நமக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மண்ணுக்குள் இருப்பதை முறையாகத் தோண்டி எடுப்பது வேறு. கோவிலில் பூஜை பெறும் கல்லைப் பெயர்த்து எடுப்பது வேறு. கோவிலிலிருக்கும் கல்லுக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. அதைச் செய்தவனுடைய சரித்திரம் ஒன்று. அதைக் கண்டெடுத்து வணங்கியவருடைய சரித்திரம் மற்றொன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் இரண்டாவது அறுந்துவிடும். கல்லை அது இருக்கும் இடத்திலேயே படம் பிடித்து, அளவெடுத்து, எந்தக் காட்டில் யார் பாட்டன் காலத்தில் கிடைத்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வதே முறை.

அடுத்த தடவை ஒண்டிக்கடையில் இறங்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரியைப் பார்த்து முடிந்ததும், பூட் துரையின் கல்லறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மே மாதமானால் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் மலையாளிகள் திரண்டு வருவதையும் பார்க்கலாம். வழியில் மரத்தடிப் பிள்ளையார் தென்பட்டால், பக்கத்தில் இருப்பது என்ன கல் என்று சற்றே குனிந்து பாருங்கள். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டாம். அங்கே யாராவது வயது முதிர்ந்தவர் உட்கார்ந்திருந்தால், "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், ஐயா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் மறக்காமல் சேர்த்து, திரும்பும் வழியில் சேலம் ஸர்க்கார் காட்சிசாலையில் கொடுத்துவிடுங்கள்.